கரையில் நிற்கிற ஆள்

1

இந்த வருடம் எங்கள் ஊர்த் தேரை ஒரு படகுத்துறையில் நின்றுகொண்டு பார்த்தேன். காஞ்சிபுரத்தில் அப்போது காலை நேரம். இங்கே ஆஸ்திரேலியாவில் உச்சி வெயில். என் தம்பி சேகர் ராஜ வீதி முனையில் கூட்டத்தின் நடுவே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். படம் ஆடியது. முதலில் யாருடையதோ ஒரு மொட்டைத் தலை, அப்புறம் மோர்ப் பந்தலின் கீற்று, அப்புறம் வெறும் வானம். அதற்குப் பிறகுதான் தேர்.

"அண்ணே, தெரியுதா?"

"தெரியுது. சக்கரத்தக் காட்டு."

"ஊரே சாமியப் பாக்குது. சக்கரத்தக் காட்டுன்னு கேக்கற ஒரே ஆளு நீதாண்ணே."

காட்டினான். சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பேர் தேரை நிறுத்தவும் திருப்பவும் போடுகிற முட்டுக்கட்டையைக் கையில் பிடித்துக் குனிந்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா அந்த வேலையைச் செய்தவர். இரண்டு மூன்று வருடம் நானும் செய்திருக்கிறேன்.

"இரு இரு, நீ எங்க நிக்கிற? பின்னால இன்னாது, தண்ணியா?"

"ஆமா. படகாண்ட நிக்கிறேன். சனிக்கிழமையாச்சே, உங்க அண்ணியக் கூட்டிக்கினு போறேன்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான்."

அவன் போனைக் கீழே விட்டுவிடுவான் போலச் சிரித்தான். "டேய், இங்க பாருங்கடா, எங்க அண்ணன் படகு ஓட்டறாராம்! கொளத்துல முழங்காலுக்கு மேல எறங்காத ஆளுடா இவரு!"

பக்கத்தில் என் மனைவி மல்லிகா நின்றிருந்தாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, தலையில் தொப்பி. சிரிப்புச் சத்தம் கேட்டுக் குனிந்து போனைப் பார்த்தாள்.

"யாருங்க அந்தத் தம்பி? நல்லா சிரிக்கிறான்."

சேகருடைய சிரிப்பு நின்றது. அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவளே இவள்தான்.

"அண்ணி, நான் சேகரு."

"அப்படியா. நல்லா இருப்பா."

தேர் நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. மேளச் சத்தம் தூரமாகப் போனது. "வெச்சுடறேண்ணே," என்று மட்டும் சொன்னான்.

தண்ணீருக்குப் பயப்படுகிற ஒருவன் இந்த வயதில் எதற்குப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டான் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். சேகரும் நாலு பேரிடம் சொல்லியிருப்பான். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் கவலைப்படுகிறவன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். "உங்களுக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு கவலைப்படுவீங்க," என்று மல்லிகா சொல்வாள். உண்மைதான்.

மல்லிகா தென்னேரிக்காரி. வாலாஜாபாத் பக்கம் அந்தப் பெரிய ஏரிக் கரையில் வீடு. எங்களுக்கு நிச்சயம் ஆன பிறகு, தென்னேரியில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற சாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிவிடுவேன். அவள் கலங்கல் பக்கம், அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியே போகிற இடத்தில், மற்ற பெண்களோடு துணி துவைத்துக்கொண்டிருப்பாள். துவைத்து முடித்ததும் குதித்து நீந்துவாள். நான் கரையில் நிற்பேன்.

"எறங்கி வாங்க! முதலையா இருக்குது?" என்று தண்ணீரிலிருந்து கத்துவாள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் இறங்கியதே இல்லை. அவள் கொஞ்சம் தூரம் போய்விட்டாலும் கரையோரமாகவே அவள் போகிற பக்கமெல்லாம் நடப்பேன்.

அவள் நர்ஸ் படிப்புப் படித்தாள். அந்தப் படிப்பால்தான் எங்கள் குடும்பம் இங்கே வந்தது. நான் காஞ்சிபுரத்தில் மரக்கடையில் வேலை பார்த்தவன். இங்கே ஒரு சாமான் கிடங்கில் சோபாவும் கட்டிலும் ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றேன்.

வந்த புதிதில் ஆபீஸில் ஏகாம்பரம் என்ற என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'மு' என்பதை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்து எழுதினேன். அன்றிலிருந்து ஏகாம்பரம் போய்விட்டான், நான் மிஸ்டர் முனுசாமி ஆகிவிட்டேன். அது எங்கள் அப்பா பெயர் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி, மிஸ்டர் முனுசாமி," என்பார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், அப்பா வந்துவிட்டாரோ என்று ஒரு கணம் வாசலைப் பார்க்கிறேன்.

மல்லிகா ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம் இந்தப் படகை வாங்கியது. மோட்டார் க்ரூசர் என்பார்கள். வெள்ளை நிறம், பழைய படகு. இரண்டு எஞ்சின். கண்ணாடி வைத்த ஓட்டுநர் அறை. கீழே இரண்டு பேர் படுக்க இடமும் டீ போட ஒரு மூலையும். வீட்டுக்கு ஏசி வாங்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நாப்பது வருசம் ஜன்னல் இல்லாத வார்டுல நின்னேன். இனிமே தண்ணியப் பாத்துக்கினு உக்காரணும்," என்றாள்.

லைசென்ஸ் முதல் தடவையிலேயே வாங்கினாள். சனிக்கிழமை தவறாமல் ஆற்றில் போவோம். அவள் ஓட்டுவாள். என் வேலை கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும். மீதி நேரம் மிதவைச் சட்டையின் எல்லா கிளிப்பையும் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஓரத்தில் உட்கார்ந்தால் படகு சாயும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

3

மல்லிகாவுக்கு மறதி முதலில் வீட்டில் வந்ததா படகில் வந்ததா என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டால் யார் கவனிக்கிறார்கள். படகில்தான் கவனித்தேன். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சனிக்கிழமை எஞ்சினை மெதுவாக்கி நின்றுவிட்டாள். காற்றைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன்.

"நம்ம வந்தது எந்தப் பக்கம்?" என்றாள்.

கேலி செய்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கயிற்றைக் கட்டியாகிவிட்டது, எஞ்சின் இன்னும் கியரில் இருந்தது. படகு கயிற்றை முறுக்கிக்கொண்டு பக்கத்துப் படகின் மேல் போய் உராய்ந்தது. துறையின் மேனேஜர் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் தனியாகப் பேசினார். உங்கள் மனைவி இனி ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ள வேறு ஆள் குடும்பத்தில் இருந்தால் படகு இங்கே நிற்கலாம். இல்லையென்றால் குளிர்காலத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். இதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

மல்லிகாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. படகு ரிப்பேர் என்றேன். சனிக்கிழமை வந்தது. காலையிலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே நின்றாள். ரிப்பேர் என்று மறுபடி சொன்னேன். சரி என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மீண்டும் எழுந்து கதவருகே போனாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. கிழமை எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மகன் பெயரை மறக்கிறவளுக்குச் சனிக்கிழமை தெரிகிறது.

ஒரு நாள் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, கட்டியிருக்கிற படகிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தேன். படகு லேசாக ஆடியதும் அவள் தோள் தளர்ந்தது. நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சை முழுவதும் சாப்பிட்டாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவுக்கல?" என்று கேட்டாள்.

4

எங்கள் மகன் பிரபு வேறு நகரத்தில் இருக்கிறான், விமானத்தில் போகிற தூரம். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். எங்கள் பேத்தி ஸ்க்ரீனுக்குள் வந்து கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்குத் தமிழில் 'தாத்தா', 'ஆயா', 'போதும்' மூன்றும் தெரியும்.

"படக வித்துடுங்கப்பா. என் ஃப்ரெண்டு ஒருத்தர் வாங்கிக்கறேன்னு சொல்றார். அம்மா கண்டிஷனுக்கு இது சேஃப் இல்ல."

"நான் லைசென்ஸ் எடுக்கறேன்பா."

சிரிக்காமல் இருக்க அவன் படுகிற பாடு எனக்குக் கேட்டது.

"அப்பா, நீங்க கார்ல ஹைவேல போக மாட்டீங்க. ரவுண்டானா வந்தா அம்மாவத்தான் ஓட்டச் சொல்வீங்க."

"அது வேற."

"எப்படிப்பா வேற? சீரியஸா கேக்கறேன். அம்மாக்கு எதாவது ஆனா? நீங்க தண்ணில விழுந்தா?"

அவன் கேட்ட ஒவ்வொன்றையும் நான் அவனுக்கு முன்னாலேயே கேட்டு முடித்திருந்தேன். அவன் நினைக்காத சிலவற்றையும் நினைத்திருந்தேன். எஞ்சின் தீப்பிடித்தால், பாலத்தில் இடித்தால், ஓட்டும்போதே எனக்கு நெஞ்சுவலி வந்தால். ஆனால் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறவளை அவன் பார்க்கவில்லை.

"குளிர்காலத்துக்குள்ள எனக்கு லைசென்ஸ் வரலன்னா வித்துடு," என்றேன்.

"ப்ராமிஸ்?"

"ம்."

5

எழுத்துத் தேர்வுக்குப் படித்தது பெரிய கதை. பழைய மல்லிகாவாக இருந்தால் எனக்கு ஒரே மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்திருப்பாள். இப்போது நான் உரக்கப் படிக்க, அவள் எதிரே உட்கார்ந்து ஏதோ பிரார்த்தனை கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

படகில் இடது வலது என்று சொல்ல மாட்டார்கள். இடப் பக்கத்துக்குப் போர்ட், வலப் பக்கத்துக்கு ஸ்டார்போர்ட். எனக்கு அது மாறி மாறிப் போனது. கடைசியில் தேர்தான் கைகொடுத்தது. தேர் வலம் வரும்போது கோயில் எப்போதும் வலது கைப் பக்கம். இடது கைப் பக்கம் வீடுகள். ஆகவே முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு இடது வலது கிடையாது. "கோயில் பக்கம் போடு! வீட்டுப் பக்கம் எடு!" என்றுதான் கத்துவோம். மேளச் சத்தத்திலும் அது குழம்பாது. ஸ்டார்போர்ட் கோயில் பக்கம், போர்ட் வீட்டுப் பக்கம். எதிரே படகு வந்தால் இருவரும் கோயில் பக்கம் ஒதுங்க வேண்டும். இப்படி வைத்துக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கூடத் தவறவில்லை.

ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் மேகன் என்கிற பெண். என் மகனை விடச் சின்னவள், கையில் மீன் பச்சை குத்தியிருந்தாள். மல்லிகாவைத் தனியாக விட்டு வர முடியாது என்றதும், "கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள்தானே முதலாளி," என்றாள்.

படகுக்குப் பிரேக் கிடையாது. இது எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட விஷயம். எஞ்சினை நிறுத்தினாலும் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் பின்னால் போகிற கியரைப் போட வேண்டும். கரைக்குச் சாய்வாக வந்து, கியரை எடுத்து எஞ்சினை வெறுமனே ஓட விட்டு, கடைசியில் கைப்பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் படகு அப்படியே நிற்கும். மேகன் செய்து காட்டினாள். பூனை உட்காருவது போல நின்றது.

என் முறை வந்தது. சாய்வு சரி. வேகம் சரி. "இப்போது பின்னால்," என்றாள். என் கை கைப்பிடியின் மேல் இருந்தது. நகரவில்லை.

"பின்னால், முனுசாமி. பின்னால்!"

துறையின் மரத்தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். படகு இடிபடாமல் இருக்க ஓரத்தில் தொங்கும் ரப்பர் உருளை ஒன்றைக் கயிற்றோடு பிடுங்கி, குனிந்து, படகுக்கு முன்னால் தண்ணீரில் போட்டேன். சக்கரத்துக்குக் கட்டை போடுவது போலவே போட்டேன். அது மிதந்துகொண்டு ஆற்றோடு போய்விட்டது. படகு தூணில் மோதியது. மூக்கில் வெள்ளைப் பெயிண்ட் உரிந்தது.

"அது என்ன செய்தீர்கள்?" என்று மேகன் கேட்டாள். கோபப்படவில்லை. தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்டாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரில் பெரிய ரதம் உண்டு. அதை நிறுத்த மரக்கட்டை. ரதம் பின்னால் போகாது.

"எப்போதுமேவா? அப்புறம் எப்படி வீடு திரும்பும்?"

"சுற்றிக்கொண்டு வரும்," என்றேன். "வேறு பக்கத்திலிருந்து."

அவளிடம் சொல்லாத பாதி ஒன்று உண்டு. இங்கிலீஷ் போதவில்லை. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு வருடம் தேரின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வடத்தை எவ்வளவு இழுத்தும் ஏறவில்லை. கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி விட்டு இழுத்தால் ஏறும் என்று யாரோ சொன்னார்கள். தேரைப் பின்னால் தள்ளக் கூடாது, தள்ளினால் ஆகாது என்று அப்பா கத்தினார். கூட்டத்தில் யார் காதிலும் விழவில்லை. தேர் ஒரு சாண் பின்னால் வந்தது. அந்த ஒரு சாணில் அப்பாவின் கால் இருந்தது.

மறு வாரம் நான் மரக்கடைக்கு வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடப் பையில் மதியச் சோறு எடுத்துப் போனேன். அதற்கு வேறு பை வீட்டில் இல்லை. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, அதன் பிறகும் தேர் நாளில் கட்டைகளைத் தொட்டுப் பார்த்துத் தருவார். புளிய மரம்தான் வேண்டும் என்பார்.

எனக்கு நடந்தது பயம் என்று மேகன் நினைத்திருப்பாள். பயம் எனக்குப் பழக்கம். அதோடு எப்படியும் வேலை செய்துவிடுவேன். இது வேறு. பின்னால் என்ற சொல்லைக் கேட்டதும் கை மரத்துப்போகிறது.

6

அடுத்தடுத்த வாரங்களில் திருப்பங்கள் எல்லாம் வந்துவிட்டன. குறுகலான இடத்தில் படகைத் திருப்ப ஒரு எஞ்சினை வெறுமனே விட்டு இன்னொன்றை ஓட்டினால் போதும். ஒரு சக்கரத்துக்குக் கட்டை போட்டு மறுசக்கரத்தைச் சுழல விடுகிற அதே வித்தை. அதில் மேகன் கூட மெச்சினாள். கரை சேர்வது மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் அவள் கை குறுக்கே வந்து கைப்பிடியை இழுக்கும். தேர்வில் அந்தக் கை வராது.

இலைகள் உதிரத் தொடங்கிவிட்டன, குளிர்காலம் நெருங்கிவிட்டது. பிரபு போனில் லைசென்ஸைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தான். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வாங்குகிறவர் ஒரு நாள் வந்து படகை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போனதாக மேனேஜர் சொன்னார். மல்லிகா வீட்டில் மத்தியானத்திலும் விளக்கைப் போட்டு வைக்க ஆரம்பித்தாள். இருட்டுது, படகு வரலயே என்பாள்.

தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு. காற்று இருந்தது, படகைத் துறைப் பக்கம் தள்ளும் காற்று. மல்லிகா பின் இருக்கையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சாய்வு எடுத்தேன். எஞ்சினை விட்டேன். தூண் வந்தது.

"பின்னால்," என்றாள் மேகன். இம்முறை கையைக் கொண்டு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

என் கை மரத்தது. கண்ணை மூடிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்போது என் கையின் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை. மல்லிகா.

"ஒண்ணும் ஆவாது," என்றாள். ஊசி போடும்போது நோயாளிகளிடம் பேசுகிற குரல். வீட்டில் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அவள் வேலை பார்த்த வார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது கேட்டிருக்கிறேன். "அங்க பாக்காதீங்க. என்னப் பாருங்க. மெதுவா மூச்ச விடுங்க. அவ்ளோதான். அவ்ளோதான்."

எங்கள் இரண்டு கையும் சேர்ந்து கைப்பிடியைப் பின்னால் இழுத்தன. எஞ்சின் முனகியது. படகு உடம்பைக் குலுக்கி நின்றது. துறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் மிச்சம்.

மேகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

மல்லிகா என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "அடுத்தது யாரு? வரச் சொல்லுங்க," என்றாள்.

தேர்வன்றைக்கு அவளைப் படகில் ஏற்ற அனுமதி இல்லை. மேகனோடு துறையில் நின்றாள். பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை இழுக்கிற நேரத்தில் என் கையின் மேல் மல்லிகாவின் கை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அது மட்டும்தான் செய்தேன். படகு நின்றது.

"பாஸா? நிஜமா?" என்றான் பிரபு. அப்புறம், "ஓகேப்பா. அம்மாவ நடுவுலயே உக்கார வைங்க," என்றான். என் மகன்தான் என்று அப்போது தோன்றியது.

7

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஊரில் தேர். சேகர் போனை வைத்ததும் கயிற்றை அவிழ்த்தேன்.

சொல்லித் தர மேகன் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் போவது அதுதான் முதல் முறை. கயிறு, எரிபொருள், மிதவைச் சட்டையின் கிளிப் என்று எல்லாவற்றையும் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். மல்லிகா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பொறுமையாக. பஸ் கிளம்பக் காத்திருக்கிறவர்கள் டிரைவரைப் பார்ப்பது போல.

ஆறு அன்றைக்குத் தகடு மாதிரி இருந்தது. மெதுவாகத்தான் போனேன். நாரைகள் இருக்கும் திட்டைத் தாண்டினோம். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். வழக்கமாக அவள் ஓட்டுகிற இடத்தில் நான் இருந்தேன், பக்கத்தில் பயணியாக அவள்.

"நல்லா ஓட்டறீங்கண்ணே," என்றாள்.

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அப்படியாம்மா," என்றேன்.

"ஆமா. ஆட்டமே இல்ல. எங்க வீட்டுக்காரரு இருந்தாருன்னா இந்நேரம் கம்பியப் புடிச்சிக்கினு கண்ண மூடிக்கினு இருப்பாரு." சிரித்தாள். ஏரித் தண்ணீரிலிருந்து என்னைக் கூப்பிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. "தண்ணின்னா அவ்ளோ பயம் அவருக்கு."

"எதுக்கு அவ்ளோ பயம்?"

"யாருக்குத் தெரியும். எல்லாத்துக்கும் பயம். ஆனா பாருங்க, நான் எவ்ளோ தூரம் போனாலும் கரை மேலயே கூட நடந்து வருவாரு. நான் பாக்காத மாதிரி இருப்பேன். அவரு விடாம வருவாரு."

கண்ணாடியில் தண்ணீர் தெறித்ததாக எனக்குப் பட்டது. துடைக்கிற விசையைப் போட்டேன். கண்ணாடி காய்ந்துதான் இருந்தது.

கொஞ்சம் போனதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வானத்தைப் பார்த்தாள். வெயில் நன்றாகவே இருந்தது.

"அண்ணே, நேரமாச்சு. கலங்கலாண்ட விட்டுடுங்க. அவரு நின்னுக்கினு இருப்பாரு. லேட்டானா பயந்துடுவாரு."

"இதோ விட்டுடறேம்மா," என்றேன். படகைத் திருப்பினேன்.

துறை வீட்டுப் பக்கத்தில், அதாவது இடது கைப் பக்கத்தில், வருமாறு சாய்வு எடுத்தேன். எஞ்சினை விட்டேன். தூண் வந்தது. கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன். தனியாக, என் கையாலேயே. நின்றது. சத்தமில்லாமல் நின்றது. பார்க்க ஒருவரும் இல்லை.

முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் கட்டிவிட்டு அவளைக் கை பிடித்து இறக்கினேன். "ரொம்ப நன்றிண்ணே," என்று சொல்லி, துறையில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துக் கரை முழுக்கத் தேடினாள். கார்கள் நிற்கிற இடம், மரத்தடி, மேனேஜருடைய அறை. முகம் சுருங்கத் தொடங்கியது.

"வரலயே. எப்பவும் வந்துடுவாரே."

நான் படகின் பின்பக்கமாக ஏறி மிதவைச் சட்டையைக் கழற்றிப் போட்டேன். தொப்பியைக் கழற்றினேன். கையால் தலைமுடியைத் தடவிப் படிய வைத்தேன். அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல், படகின் மறுபுறம் இருக்கும் பக்கத்துத் துறையில் இறங்கி, புல்தரையைச் சுற்றிக்கொண்டு மரத்தடிப் பக்கமிருந்து நடந்து வந்தேன். மூச்சு வாங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"இப்பதான் வந்தேன்."

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு வேற வேல இல்ல." என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, படகைக் கண்ணால் காட்டினாள். "படகுக்காரரு நல்ல மனுசன். பத்திரமா கொண்டாந்து விட்டாரு. சும்மா நிக்காதீங்க, ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க."

நான் திரும்பினேன். ஆளில்லாத படகு கயிற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி, இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டேன்.